ஆசிரியரை நடத்தும் விதமே பாடம் நடத்தும் விதம்

திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர், அத்திப்பட்டு வரை நீளும் கடலோரத்தில் அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கின்றன. சற்று மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், வடக்கே வட சென்னை அனல் மின் நிலையமும் 2001-ல் செயல்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகமும் அமைந்திருக்கின்றன. இயந்திரவியல், மின்னியல், வேதிப் பொறியியல் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும், பாடப் புத்தகத்தில் படமாக இருப்பது இங்கே கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், இந்தப் பகுதியின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இல்லை. 1794-ல் தோன்றிய கிண்டி பொறியியல் கல்லூரியும் 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் கூவத்துக்குத் தெற்கே இருக்கின்றன. கலந்தாய்வில் அங்கே இடம் கிடைக்க மிக உயர்ந்த கட்-ஆஃப் வேண்டும். அது கிடைக்காத மீனவர் வீட்டுப் பிள்ளைகளும், துறைமுகத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஆவடி, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி சாலைப் பக்கம் உள்ள தனியார் கல்லூரிகளுக்குத்தான் போகிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை. வகுப்பில் வந்து நிற்கும் ஆசிரியர்தான் அவருக்கு எல்லாம். ஆகவே, தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது வட சென்னைக்கு வாழ்வாதாரக் கேள்வி.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பழி ஆசிரியர் மேல்தான் விழுகிறது. அவர்களுக்கு ஆர்வமில்லை, தயாரித்துக்கொண்டு வருவதில்லை, நோட்ஸைப் பார்த்துப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போகிறார்கள், சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார்கள் என்று மாணவர்களும் பெற்றோரும் சொல்கிறார்கள். இந்தக் குறைகள் பொய்யல்ல. ஆனால், ஆசிரியரின் மனப்போக்கு அவருடைய பிறவிக் குணம் என்று எடுத்துக்கொண்டால் பிரச்சினையின் வேர் நமக்குப் பிடிபடாது. அவருக்குத் தரப்படும் சம்பளமும் பணிப் பாதுகாப்பும், அவருடைய நேரம் செலவாகும் வழியும், எதைச் சாதனை என்று நிர்வாகம் கணக்கிடுகிறது என்பதும் சேர்ந்துதான் அந்த மனப்போக்கை உருவாக்குகின்றன. இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு எத்தனை பயிலரங்கம் நடத்தினாலும் வகுப்பறை மாறாது.

ஆசிரியருக்கு இந்த அமைப்பு என்ன மதிப்புத் தருகிறது என்பதற்கான சான்று 2024 ஜூலையில் வெளிவந்தது. 2023-24 கல்வியாண்டில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள், இதில் 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு குற்றம்சாட்டியது. ஒரே பெயர் 11 கல்லூரிகளில் இருந்ததும் அதில் தெரியவந்தது. இந்தக் கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்கும் அண்ணா பல்கலைக்கழகம் தன் பங்குக்குச் சரிபார்த்தபோது, சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேருடைய பெயர்களே திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்ததை அன்றைய துணைவேந்தரே ஒப்புக்கொண்டார். இதை மோசடி என்று மட்டும் பார்த்து, வழக்கு, நோட்டீஸ் என்று முடித்துவிடக் கூடாது. கல்லூரிக்கு இணைப்பு அங்கீகாரம் கிடைக்க ஆசிரியரின் பெயரும் சான்றிதழும் போதும், ஆள் தேவையில்லை என்ற நிலை நெடுங்காலமாக இருந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

இதன் விளைவைச் சிறு கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு 60 பேர் சேரும் ஒரு துறையில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 240 மாணவர்கள். 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற பழைய விதிப்படி அங்கே 16 ஆசிரியர்கள் இருந்திருக்க வேண்டும். 2018-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) அதை 20 மாணவர்களுக்கு ஒருவர் என்று தளர்த்தியதால் 12 பேர் போதும் என்றானது. அந்த 12 பேரில் மூவர் காகிதத்தில் மட்டும் இருந்தால், மீதி ஒன்பது பேர் எல்லா வகுப்பையும் எல்லா லேபையும் சுமக்க வேண்டும். தன் சிறப்புப் பாடம் அல்லாததையும் எடுக்க வேண்டும். நேற்றிரவு படித்ததை இன்று காலையில் ஒப்பிக்கும் ஆசிரியரிடம் மாணவர் கேள்வி கேட்டால் அவர் எரிந்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் அல்ல, பயம். நாம் மனப்போக்கு என்று பெயர் சூட்டுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தற்காப்புதான்.

மேலே சொன்ன மூன்றில் முதலாவது சம்பளம். ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2019-ல் ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்த விதிப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அதில் பாதியைக்கூடத் தராத சுயநிதிக் கல்லூரிகள் பல உண்டு என்பது ஊரறிந்த விஷயம். வங்கிக் கணக்கில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்வது, விடுமுறை மாதங்களில் சம்பளத்தைப் பிடிப்பது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு வேலையை விடவிடாமல் செய்வது ஆகிய புகார்களும் புதியவை அல்ல. இதில் அரசுகளும் நல்ல முன்மாதிரி காட்டவில்லை. குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மாதம் சுமார் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த உதவிப் பேராசிரியர்களின் வழக்கில், 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, அவர்களுக்கு முறையான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்ச ஊதியத்தையாவது தர உத்தரவிட்டது. ஆசிரியரை நாம் தெய்வத்துக்கு ஒப்பாகப் போற்றுவதில் பொருளில்லை, அந்த மதிப்பு அவரை நடத்தும் விதத்தில் தெரிய வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

குறைந்த சம்பளத்தின் விலையை மாணவர்தான் கொடுக்கிறார். எம்.இ. முடித்தவர் வேறு வேலை கிடைக்கும்வரை தங்கும் இடமாகக் கல்லூரி ஆகிவிடுகிறது. செமஸ்டருக்கு ஒரு புது முகம் வருகிறது. ஒரு பாடத்தை முதல் முறை நடத்தும்போது எங்கே மாணவர் தடுக்கி விழுகிறார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. மூன்றாவது, நான்காவது முறை நடத்தும்போதுதான் அந்த இடங்கள் பிடிபடும், அதற்கேற்ற கணக்கும் உதாரணமும் கைக்கு வரும். அந்த அனுபவம் சேர்வதற்குள் ஆசிரியர் போய்விடுகிறார். அவர் எடுத்த பாடம் அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது நேரம். தங்கியிருக்கும் ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது என்பதை அறிய அவர் மேசையில் இருக்கும் கோர்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் போதும். பாடத்திட்டம், கால அட்டவணை, எந்தத் தேதியில் எந்தத் தலைப்பு என்ற லெசன் பிளான், பாடத்தின் நோக்கங்களையும் பட்டப்படிப்பின் நோக்கங்களையும் இணைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட அட்டவணை, இன்டர்னல் தேர்வின் வினாத்தாளும் விடைக் குறிப்பும், நன்றாக எழுதியவர், சுமாராக எழுதியவர், தோற்றவர் என்று வகைக்குச் சில விடைத்தாள்கள், தேர்ச்சிப் பகுப்பாய்வு, சிறப்பு வகுப்பின் வருகைப் பதிவு என்று அந்தக் கோப்பில் எல்லாம் இருக்கும். பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-ல் முழு உறுப்பு நாடான பிறகு, மாணவர் என்ன கற்றார் என்பதை அளக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வலுப்பெற்ற நடைமுறை இது. ஆனால், நிரப்பப்பட்ட கோப்பைச் சரிபார்க்க ஆள் வருகிறாரே தவிர, அந்த ஆசிரியர் வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க யாரும் வருவதில்லை. ஆய்வுக் குழுக்களின் நம்பகத்தன்மையும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உயர் தரமதிப்பு வழங்க லஞ்சம் பெற்றதாக, உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பீடு செய்யும் ‘நாக்’ அமைப்பின் ஆய்வுக் குழுத் தலைவர் உட்படப் பலரை சிபிஐ கைதுசெய்தது. இவ்வளவும் போதாதென்று, பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் பள்ளி பள்ளியாக, வீடு வீடாகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலையும் பல கல்லூரிகளில் ஆசிரியர் தலையில் விழுகிறது. இத்தனை பேரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு, தன் வேலை கற்பிப்பது என்ற எண்ணம் எத்தனை நாள் நிலைக்கும்?

எதைச் சாதனை என்று கணக்கிடுகிறோம் என்பது மூன்றாவது. கல்லூரி நிர்வாகம் ஆசிரியரிடம் கேட்கும் ஒரே எண் தேர்ச்சி விகிதம். அதனால் ஐந்து யூனிட்டும் இரண்டு மார்க் கேள்விகளாகவும் 13 மார்க் கேள்விகளாகவும் உடைக்கப்பட்டு, பழைய வினாத்தாள்களிலிருந்து ‘முக்கியமான கேள்விகள்’ வட்டமிடப்பட்டு மாணவர் கைக்கு வருகின்றன. அனல் மின் நிலையத்தின் நீராவிச் சுழற்சியைப் படமாக வரையக் கற்ற மாணவர், அத்திப்பட்டுப் புகைபோக்கிகளைத் தினமும் கடந்து போகிறவராகவே இருக்கலாம். எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதியில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால், குளிர்விக்கும் நீரோடு அந்த வெப்பம் வெளியேறுவதை மாணவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார். எண்ணூர்க் கழிமுகத்தில் சுடுநீர் கலப்பதாலும், கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவதாலும் மீன் குறைந்துவிட்டது என்று அப்பா சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வெப்ப இயக்கவியல் அன்றைக்குத்தான் பாடமாகப் புரியத் தொடங்கும். இப்படி நடத்த அரை மணி நேரம் கூடுதலாகும், அன்றைய லெசன் பிளான் தள்ளிப்போகும். பிளான் தள்ளிப்போனதற்கு விளக்கம் கேட்கும் நிர்வாகம், மாணவருக்குப் புரிந்ததா என்று கேட்பதில்லை. ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இதன் மொத்த விளைவு உலக அளவிலான ஆய்வு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் கணினி, மின்னியல் பொறியியல் படிக்கும் பல்லாயிரம் மாணவர்களைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு 2021-ல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியானது. இந்திய மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் பாட அறிவில் முன்னேறுகிறார்கள். ஆனால், ஆராய்ந்து முடிவெடுக்கும் சிந்தனைத் திறனில் நான்கு ஆண்டுகளிலும் முன்னேற்றம் இல்லை என்றது அந்த ஆய்வு. அந்தத் திறன் வட சென்னைக்கு மிகவும் தேவை. 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூர் மக்கள் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவையும், அதே மாதக் கடைசியில் நள்ளிரவு அமோனியா கசிவையும் சந்தித்தார்கள். ஆபத்தான ஆலைகளுக்கு நடுவே வாழும் இந்தப் பகுதிக்கு, ‘இது சரியா, வேறு என்ன நடக்கலாம்’ என்று கேட்கப் பழகிய பொறியாளர்கள் வேண்டும். கேட்கப் பழக்காத வகுப்பறையிலிருந்து அவர்கள் வர மாட்டார்கள்.

மாணவர் தரமே இல்லாதபோது ஆசிரியர் என்ன செய்வார் என்பது நிர்வாகங்களின் முதல் பதில். பொறியியல் நுழைவுத் தேர்வு ரத்தானதையும், தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் திணறுவதையும் காரணமாகச் சொல்கிறார்கள். அறிவியல், பொறியியல் வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதற்கு நேரடியான மறுப்பு. விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம். மாணவர்களைக் கேள்வி, கணக்கு, விவாதம் என்று ஈடுபடுத்திய வகுப்புகளில் அது சுமார் 22 சதவீதம். பின்தங்கிய பின்னணி மாணவர்களுக்கு இந்த முறை கூடுதலாக உதவுகிறது என்று அதைத் தொடர்ந்த ஆய்வும் கண்டது. மாணவர் பலவீனமாக வரும் இடத்தில்தான் நல்ல கற்பித்தலின் தேவை அதிகம். மொழியைப் பொறுத்தவரை, அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வகுப்பில் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அரசு நிர்ணயித்த கட்டணத்தில் விதிப்படி சம்பளம் தர முடியாது என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2017-ல் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தேசியத் தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாய். 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றால், அந்தக் கட்டணக் கணக்கில் ஓர் ஆசிரியருக்குப் பின்னால் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வருகிறது. அகவிலைப்படி உட்பட முழு விகிதத்தையும் கொடுத்தால் அந்தப் பத்து லட்சமும் அதிலேயே கரைந்துவிடும் என்பது சரிதான். ஆனால், மாதம் 40,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 4.8 லட்சம், வருமானத்தில் பாதிக்கும் குறைவு. இடங்கள் நிரம்பும் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டு வருமானம் வேறு இருக்கிறது. அப்படிப்பட்ட கல்லூரி 20,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்வதற்குக் கட்டணத்தைக் காரணம் காட்ட முடியாது. கல்வி லாபம் குவிக்கும் தொழிலாகக் கூடாது என்று டி.எம்.ஏ.பாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லியாயிற்று. இடங்கள் காலியாகக் கிடந்து உண்மையிலேயே சம்பளம் கொடுக்க முடியாத கல்லூரி, மாணவர் செலவில் உயிர் பிழைத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள கல்லூரியோடு இணையலாம்.

மோசமான கல்லூரிகளைச் சந்தையே களையெடுத்துவிடும் என்போரும் உண்டு. ஐந்நூறைத் தாண்டியிருந்த கல்லூரிகளின் எண்ணிக்கை பின்னர் குறைந்தது உண்மை. ஆனால், பெற்றோர் கண்ணுக்குப் படுவது கட்டடம், பேருந்து, வேலைவாய்ப்பு விளம்பரம். வகுப்பறைக்குள் நடப்பது நான்காம் ஆண்டில்தான் தெரியவருகிறது. ஒரு கல்லூரி மூடப்படுவதற்குள் பல அணி மாணவர்கள் அரியரோடும் கல்விக் கடனோடும் வெளியே வந்துவிடுகிறார்கள். 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஐ.ஐ.டி.க்களின் விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆசிரியர் எதற்கு என்ற கேள்வியும் நிற்காது. விரிவுரைக்கு இங்கே பஞ்சமில்லை. மாணவர் போட்ட கணக்கைப் பார்த்து, பிழை மூன்றாவது வரியில் இருக்கிறது, அது ஏன் வந்தது என்று சொல்லும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

அப்படியானால் ஆசிரியருக்குப் பொறுப்பே இல்லையா? நிச்சயமாக உண்டு. இதே சம்பளத்தில், இதே நெருக்கடியில் மாணவர் மனதில் நிற்கும்படி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். தயாரிக்காமல் வருவதையும், மாணவரை அவமதிப்பதையும் எந்தச் சம்பளமும் நியாயப்படுத்தாது. நல்ல ஊதியம் கேட்கும் உரிமையோடு தன் கற்பித்தலைச் சோதிக்க அனுமதிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. ஆனால், அந்தச் சோதனை செமஸ்டர் கடைசியில் மாணவர் நிரப்பும் கருத்துப் படிவமாக இருக்கக் கூடாது. அதில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் உண்மையில் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று 2017-ல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. பாடம் தொடங்கும்போது ஒரு சிறு கருத்தறிவுத் தேர்வு, முடியும்போது அதே தேர்வு என்று வைத்து வளர்ச்சியை அளக்கலாம். மூத்த ஆசிரியரும் சக ஆசிரியரும் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்லலாம். இவை தண்டிப்பதற்காக அல்லாமல் திருத்துவதற்காக இருந்தால், ஆசிரியரே அவற்றை விரும்பி ஏற்பார்.

தனியார் கல்லூரியின் உள்விவகாரத்தில் அரசு எப்படித் தலையிடும் என்று கேட்கலாம். அரசுப் பணம் அங்கே போகிறது என்பதே பதில். கலந்தாய்வில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணச் சலுகை தரப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் முழுச் செலவையும் அரசே ஏற்கிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகையும் கல்லூரிக் கட்டணமாகவே சேர்கிறது. மக்கள் பணம் பெறும் கல்லூரியிடம் மூன்று நிபந்தனைகளை அரசு வைக்க வேண்டும். முதலாவதாக, ஒவ்வொரு துறையிலும் பணியாற்றும் ஆசிரியர்களின் பட்டியல் செமஸ்டர் தோறும் அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாக வேண்டும். தமக்குப் பாடம் எடுத்தவர் இவர்தானா என்று மாணவர்களே உறுதிசெய்யும் வசதி வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அவர்களைவிட வேறு எந்த ஆய்வுக் குழுவுக்கும் தெரியாது. இரண்டாவதாக, கட்டணக் குழு கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே குறைந்தபட்ச ஆசிரியர் ஊதியத்தையும் நிர்ணயிக்க வேண்டும். அது உண்மையில் போய்ச் சேர்ந்ததற்கு வங்கி ஆதாரம் கேட்க வேண்டும். தேவையானால் கட்டணத்தையும் நியாயமாக உயர்த்தலாம். மூன்றாவதாக, மாணவர் சேர்க்கைக்கு ஆசிரியர்களை அனுப்புவதும் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதும் இணைப்பை இழக்கச் செய்யும் குற்றங்களாக்கப்பட வேண்டும்.

வட சென்னைக்கென்று ஒன்று கூடுதலாகச் செய்ய முடியும். மணலி, எண்ணூர் ஆலைகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இங்கேயே வாழ்கிறார்கள். துறை அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-ல் வழி திறந்துவிட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வெளிப் பயிற்றுநர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்கிறது. இவர்கள் தனியாக ஒரு வகுப்பு எடுத்துவிட்டுப் போவதற்குப் பதில், கல்லூரி ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடத்தை நடத்தினால், ஆசிரியருக்கும் ஆலை தெரியும், அடுத்த ஆண்டு அவரே அதை நடத்துவார். அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் 15 மார்க் பகுதியையாவது புத்தகத்தில் விடை இல்லாத, யோசித்து எழுத வேண்டிய கேள்விக்கு உண்மையாகவே ஒதுக்கினால், வகுப்பறையும் அதைப் பின்தொடரும்.

கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பதற்கு முன், இந்தத் துறையில் பாடம் எடுப்பவர்கள் யார், எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள், சம்பளம் மாதந்தோறும் வருகிறதா என்று கேளுங்கள். சங்கடமான கேள்விதான். ஆனால், ஆசிரியரை மதிக்காத கல்லூரி உங்கள் பிள்ளையையும் மதிக்காது.